கதவை மூடியும் அணையாத கூரை விளக்கு

வணக்கம். வாட்டர் வாஷ் செய்ததிலிருந்து, எல்லாக் கதவுகளையும் டிக்கியையும் அழுத்தி மூடிய பிறகும் காரின் கூரை விளக்கு எரிகிறது, ‘ஆஃப்’ நிலைக்குத் தள்ளினால் மட்டுமே அணைகிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் கூரைச் சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. கதவுச் சுவிட்சுகளில் ஒன்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பழைய கார்களில் கதவுத் தூணில் ரப்பர் உறை போட்ட சிறிய பொத்தான் இருக்கும். கதவை மூடும்போது அது உள்ளே அமுங்கி, விளக்கின் எர்த் இணைப்பை, அதாவது காரின் உலோக பாடியோடு உள்ள இணைப்பை, துண்டிக்க வேண்டும். உறை கிழிந்து தண்ணீர் புகுந்திருந்தால், உள்ளே களிம்பு படிந்து, பொத்தான் அமுங்கினாலும் இணைப்பு விடுபடாது.

மற்ற கதவுகளை மூடிவைத்து, திறந்த கதவின் சுவிட்சை ஸ்க்ரூ கழற்றி வெளியே எடுத்து, வயரைப் பிடுங்கிப் பாருங்கள். இப்படி ஒவ்வொரு கதவாகச் சோதிக்கும்போது எதில் விளக்கு அணைகிறதோ, அதுவே பழுதானது. வயர் முனை பாடியில் பட்டால் விளக்கு மறுபடி எரிந்து உங்களைக் குழப்பும். கைவிட்டால் தூணுக்குள் நழுவிவிடும் என்பதால் முதலிலேயே அதில் ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்பு முனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடித்தால் சில நேரம் சரியாகும் என்றாலும், விலை குறைந்த பொருள் என்பதால் புதிதாக மாற்றுவதே மேல்.

எல்லா வயரையும் பிடுங்கியும் எரிந்தால், வழியில் எங்கோ வயர் உரசிப் பாடியைத் தொடுகிறது. அதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். அதுவரை ‘ஆஃப்’ நிலையிலேயே வையுங்கள். 10 வாட் பல்பு இரண்டு இரவு எரிந்தாலே 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்குமேல் தீர்ந்துவிடும்.