தவணை கட்டியும் அசல் ஏன் குறையவில்லை? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: இரண்டு வருடமாகத் தவணை தவறியதே இல்லை. ஆனால் அசல் அப்படியே இருக்கிற மாதிரி தெரிகிறது. கணக்கில் பிழையா?

பிழையாக இருக்காது. ஒவ்வொரு மாதமும், அன்றைக்கு மீதி நிற்கும் அசலுக்குத்தான் வட்டி. அது போக மிஞ்சுவதே அசலில் கழியும். 10 லட்சம் கடன், 9% வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை 8,997. முதல் மாத வட்டியே 7,500. அசலில் கழிவது வெறும் 1,497. அடுத்த மாதம் 1,508. பதினொன்றுதான் கூடியிருக்கிறது, பாருங்கள்! இப்படியே ஊர்ந்து போய், 149-வது தவணையில்தான் அசலின் பங்கு வட்டியை முந்துகிறது. பத்து வருடம் கட்டி முடித்த பிறகும் 7.10 லட்சம் பாக்கி நிற்கும். கடன் வாங்கும் அன்றே தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி, அதில் வட்டி, அசல் என்ற இரண்டு கட்ட வரிசைகளையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கையில் ஒரு லட்சம் இருக்கிறது. இப்போதே கடனில் கட்டலாமா, கடைசியில் பார்த்துக்கொள்ளலாமா?

அவசரத் தேவைக்குத் தனியாகப் பணம் இருந்தால், இப்போதே. மேலே சொன்ன கடனில் முதல் வருட முடிவில் கட்டினால் ஏறக்குறைய 50 தவணைகள் குறையும்; மூன்றரை லட்சம் வட்டி மிச்சம். அதையே 18-ஆம் வருட முடிவில் கட்டினால் மிச்சம் 15,000-கூட வராது. தவணைத் தொகை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: தேய்மானமும் அமார்டைசேஷனும் ஒன்றுதானே?

அடிப்படை ஒன்றுதான்: சொத்தின் விலையை, அது பலன் தரும் வருடங்களுக்குப் பிரித்துச் செலவாக எழுதுவது. இயந்திரம், கட்டடம் என்றால் தேய்மானம். காப்புரிமை, மென்பொருள் போன்ற புலனாகாச் சொத்து (கையால் தொட முடியாதது) என்றால் அமார்டைசேஷன். 12 லட்சத்துக்கு வாங்கிய காப்புரிமைக்குச் சட்டப்படி இன்னும் 15 வருடம் இருந்தாலும், 8 வருடம்தான் பலன் தரும் என்றால் 8-ஆல் வகுக்க வேண்டும்: வருடத்துக்கு 1.5 லட்சம் செலவு. அந்த வருடம் கையிலிருந்து பணம் எதுவும் போகாது என்பதால், பணப்பாய்வு அறிக்கையில் (பணம் வந்ததையும் போனதையும் காட்டுவது) இதை லாபத்தோடு திரும்பக் கூட்டுவார்கள்.

கேள்வி: தொழில் கடனின் தவணை முழுவதையும் செலவாக எழுதலாமா?

கூடாது. நான் அடிக்கடி திருத்திக் கொடுக்கும் பிழை இது. வட்டி மட்டும்தான் செலவு. முதல் தவணையில் 7,500 வட்டிக் கணக்கில் பற்று (டெபிட்), 1,497 கடன் கணக்கில் பற்று, நம் ஏட்டின் வங்கிக் கணக்கில் 8,997 வரவு (கிரெடிட்; பணம் வெளியே போனதைக் காட்டும்). முழுவதையும் செலவாகப் போட்டால் லாபம் குறைத்துக் காட்டப்படும், கடனோ ஏட்டில் குறையாமலே நிற்கும்.