திரையின் டிரைவர் ஐ.சி. ஏன் சுடுகிறது?

கேள்வி: ஐயா, வணக்கம். ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் பல ஆண்டுகளாகத் தொலைக்காட்சி பழுது பார்த்து வருகிறேன். அண்மையில் என்னிடம் வந்த 4கே பேனல் (திரைப்பகுதி) ஒன்று அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது; பிறகு ஒரு பக்கத்தில் செங்குத்துப் பட்டை விழுகிறது. அணைத்து ஆறவைத்தால் பட்டை மறைந்துவிடுகிறது. அந்தப் பக்கத்து டிரைவர் ஐ.சி.யின் (திரையின் கம்பிகளுக்கு மின்னழுத்தம் கொடுக்கும் சில்லின்) மேல் விரலை வைக்க முடியவில்லை. எனக்கு முன் வேறொருவர் அந்தப் பேனலைப் பிரித்திருக்கிறார். சூட்டைக் குறைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால், முன்பு பிரித்தவர் எதைத் திரும்ப வைக்காமல் விட்டார் என்பதை முதலில் பாருங்கள்.

4கே பேனலில் ஒரு வரிசைக்கு 3,840 பிக்சல்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறப் புள்ளிகள். வழக்கமான அமைப்பில் இவற்றுக்கு 11,520 செங்குத்துக் கம்பிகள் வேண்டும். ஓர் ஐ.சி.க்கு 960 வெளியீடுகள் என்றால், 12 ஐ.சி.க்கள் பேனலின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அவை ஒட்டப்பட்டிருப்பது பாலிஇமைடு என்னும் மெல்லிய படலத்தின் மேல். தாமிரம் கடத்தும் வெப்பத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட இந்தப் படலம் கடத்தாது. ஆகவே ஐ.சி.யில் உண்டாகும் சூடு, படலத்தில் ஓடும் நூல் போன்ற தாமிரக் கம்பிகள் வழியாகவும் சுற்றியுள்ள காற்றின் வழியாகவும் மட்டுமே வெளியேற வேண்டியிருக்கிறது. இது போதாது என்பதால்தான் பல பேனல்களில் ஐ.சி.க்கும் உலோகச் சட்டத்துக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் மெத்தென்ற தெர்மல் பேடு ஒன்றை வைக்கிறார்கள். பேனலைப் பிரிக்கும்போது அது சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். அதைக் குப்பை என்று எண்ணித் துடைத்துவிடுபவர்கள் உண்டு.

மற்ற ஐ.சி.க்களின் மேல் பேடு இருந்து, சூடேறும் ஐ.சி.யின் மேல் மட்டும் இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். புதிய பேடு பழையதன் தடிமனிலேயே இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். மெல்லியதாக இருந்தால் சட்டத்தைத் தொடாது. தடித்ததாக இருந்தாலோ, சட்டத்தை முடுக்கும்போது படலத்தை அழுத்தி, கண்ணாடியோடு ஒட்டிய இடத்தில் இணைப்பை விலக்கிவிடும்; அதன்பின் அந்தப் பேனலை உங்கள் மேசையில் மீட்க முடியாது. பேடு கிடைக்கவில்லை என்று வெப்பம் கடத்தும் வெள்ளைப் பேஸ்டைத் தடவ வேண்டாம். அதன் எண்ணெய் நாளடைவில் கசிந்து படலத்தில் பரவும்.

பேடு வைத்த பிறகும் பட்டை வந்தால், ஐ.சி. உள்ளே கெட்டிருக்கலாம், அல்லது ஒட்டிய இடம் தளர்ந்திருக்கலாம். குளிரூட்டும் ஸ்பிரேயை ஐ.சி.யின் மேலும், பிறகு ஒட்டிய இடத்திலும் தனித்தனியே சிறிதளவு அடித்தால் எது என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

உங்கள் ஊரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,750 மீட்டர் மேலே இருக்கிறது. அங்குள்ள காற்று கடலோர டர்பனின் காற்றைவிடச் சுமார் ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. சூட்டை அள்ளிச் செல்லும் ஆற்றலும் ஓரளவு குறையும் என்பதால், காற்றை மட்டும் நம்பியிருக்கும் ஐ.சி. கடற்கரையில் தாங்குவதைப் போல அங்கே தாங்காது. வாடிக்கையாளரிடம் பேக்லைட் (திரைக்குப் பின்னிருந்து ஒளி தரும் விளக்கு) வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். அது ஐ.சி. தானே உண்டாக்கும் சூட்டைக் குறைக்காது, ஐ.சி.யைச் சூழ்ந்த உலோகத்தின் சூட்டைக் குறைக்கும், அதுவும் உதவிதான்.

கேள்வி: ஐயா, நான் டர்பனில் மின்னணுவியல் படிக்கும் மாணவி. மின்தேக்குதிறன், மின்னழுத்தத்தின் வர்க்கம், அதிர்வெண் ஆகிய மூன்றின் பெருக்கமே செலவாகும் திறன் என்று படித்தேன். டிரைவர் ஐ.சி.யை வடிவமைப்பவர்கள் இவற்றுள் எதைக் குறைத்துச் சூட்டைத் தவிர்க்கிறார்கள்?

பதில்: நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள், அம்மா. உண்டான சூட்டை வெளியேற்றுவது இரண்டாம் வேலை. உண்டாகாமல் செய்வதே வடிவமைப்பவரின் முதல் வேலை.

மின்தேக்குதிறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன், பேனலின் கம்பிகளுக்கு உரியது, ஐ.சி.யை வடிவமைப்பவர் அதை மாற்ற முடியாது. எனவே அதிர்வெண்ணைப் பார்ப்போம். திரவப் படிகத்தின் மேல் ஒரே திசையில் மின்னழுத்தம் நீடித்தால் அயனிகள் ஒரு பக்கமாகத் திரண்டு, மறைய வேண்டிய படம் திரையில் தங்கிவிடும். ஆகவே திசையை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். அடுத்தடுத்த பிக்சல்களுக்கு எதிரெதிர்த் திசை கொடுத்தால் படம் மினுக்காது. ஆனால் ஒவ்வொரு கம்பியும் வரிசைக்கு வரிசை திசை மாற வேண்டும். 1,080 வரிசைகள் நொடிக்கு 60 முறை வரையப்பட்டால் 64,800 மாற்றங்கள். 2,160 வரிசைகள் 120 முறை என்றால் 2,59,200. ஒரு கம்பியின் திசையைப் படத்துக்கு ஒரு முறை மட்டும் மாற்றிவிட்டு, பிக்சல்களைக் கம்பியின் இருபுறமும் மாறி மாறி வளைந்து செல்லும்படி இணைத்தால், பார்ப்பவருக்கு மினுக்காத படமும் ஐ.சி.க்கு ஓய்வும் கிடைக்கும். இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் தீர்வு இது. ஆயினும் ஒரு வரிசை வெள்ளை, மறு வரிசை கறுப்பு என்று வரும் படத்தில் இந்த ஓய்வு பறிபோய்விடும். கம்பி மீண்டும் வரிசைதோறும் ஏறி இறங்க வேண்டும்.

இனி மின்னழுத்தம். நிரம்பிய தொட்டி ஒன்றும் காலியான தொட்டி ஒன்றும் அருகருகே இருக்கின்றன. முதலாவதைக் காலியாக்கி, இரண்டாவதை நிரப்ப வேண்டும். உடனே பம்பைப் போடாமல், இடையிலுள்ள குழாயைத் திறந்தால் இரண்டிலும் பாதிப் பாதி வந்து நிற்கும். மீதிப் பாதிக்கு மட்டும் பம்பை ஓட்டினால் போதும். எதிரெதிர்த் திசையில் இருக்கும் கம்பிகளை ஒரு கணம் தம்முள் இணைத்து, மின்னூட்டத்தைப் பகிரச் செய்வதும் இதுவே. ஏற்றம் பாதியானதால் வர்க்கப்படி செலவு கால் பங்காகும் என்று எண்ணிவிடாதீர்கள். மின்சாரம் அதே உயர்ந்த மின்னழுத்தத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஆகவே மூலத்திலிருந்து எடுக்கும் ஆற்றல் பாதிதான் குறையும். பாதி மின்னழுத்தத்துக்கென ஒரு தனி மின்வழங்கியை அமைத்து, கம்பிகளுக்கு மின்னழுத்தம் கொடுக்கும் பெருக்கிகளுள் மேல் பாதியில் இயங்குபவற்றையும் கீழ்ப் பாதியில் இயங்குபவற்றையும் பிரித்துவிட்டால், ஆயிரக்கணக்கான பெருக்கிகள் சும்மா இருக்கும்போது செலவிடுவதும் ஏறக்குறையப் பாதியாகும்.

மின்னூட்டப் பகிர்வுக்கு நேரம் பிடிக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன 2,160 வரிசைக் கணக்கில் ஒரு வரிசைக்குக் கிடைப்பது 4 மைக்ரோ நொடிக்கும் குறைவு; அதற்குள் பகிரவும் வேண்டும், சரியான மின்னழுத்தத்தை எட்டவும் வேண்டும்.

கேள்வி: சுவர் அலமாரிக்குள் இருக்கும் தொலைக்காட்சிக்குப் பின்னால் சிறிய மின்விசிறி வைத்தால் டிரைவர் ஐ.சி. குளிருமா? (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: அதிகம் குளிராது. ஐ.சி. விளிம்புச் சட்டத்துக்குள் மூடப்பட்டிருப்பதால் காற்று அதை நேராகத் தொடாது. அலமாரியின் மேற்பக்கத்தைத் திறந்துவிட்டு, சூடான காற்று ஏறிச் செல்ல வழி விடுங்கள்.