அடுத்த வருஷம் எடுத்துக்கலாம்னா?

வணக்கம் சார். 1870கள்ல அமெரிக்காவுல வெட்டுக்கிளி வந்து புதுசா குடியேறின விவசாயிங்க ஓடிப்போனாங்கன்னு எழுதியிருந்தீங்க. ஒரு போகம் போனா அடுத்த வருஷம் எடுத்துக்கலாமே, ஊரை விட்டு ஏன் போகணும்? அந்தப் பூச்சி இப்பவும் அங்க இருக்கா?

- ஒரு வாசகர்

வணக்கம். அடுத்த வருஷம்தான் சிக்கலே. பறந்து வந்த கூட்டம் தின்னுட்டு சும்மா போகாது, அதே மண்ணுல முட்டையைப் போட்டுட்டுத்தான் போகும், வசந்தத்துல விவசாயி விதைச்ச பயிர் முளைக்கிற நேரம் பார்த்து குஞ்சும் வெளிய வரும். மினசோட்டா மாநிலத்துல இது 1873ல ஆரம்பிச்சு 1877 வரைக்கும் நடந்துச்சு. கான்சாஸ், நெப்ராஸ்கா மாநிலங்கள் பக்கம் 1874 கோடையில மக்காச்சோளம் மொத்தமா போச்சு. காய்கறிப் பாத்தியைக் காப்பாத்த போர்வையைப் போட்டு மூடினா போர்வையையும் தின்னுச்சு, வேர்வை உப்பு ஊறின மம்பட்டிப் பிடியைக்கூட விடல.

இதெல்லாம் யாருக்கு நடந்துச்சுன்னு பாருங்க. குடியேறுறவங்களுக்கு நிலம் குடுக்குற 1862 சட்டப்படி 160 ஏக்கர், அஞ்சு வருஷம் அங்கயே குடியிருந்து உழுதா சொந்தம். நிறைய பேருக்கு மண்கட்டி அடுக்கின வீடு, கையில சேமிப்பு கிடையாது, விதைக்கே கடன். கிளம்பினா நிலம் போயிடும், இருந்தா பட்டினி. அப்புறம்தான் நிலத்தை இழக்காம கொஞ்ச காலம் வெளிய போய் பிழைச்சுக்கலாம்னு அரசாங்கம் சலுகை குடுத்துச்சு.

எனக்கு பூச்சியைவிட ஆத்திரம் வர்றது மினசோட்டா கவர்னர் ஜான் பில்ஸ்பரி மேலதான். ஆள் மாவு மில் குடும்பம், இந்த விவசாயிங்க விளைவிச்ச கோதுமைய அரைச்சு சம்பாதிச்சவங்க! நிவாரணம் குடுத்தா ஜனங்க கையேந்தியே பழகிடுவாங்கன்னு சொன்னவர், 1877 ஏப்ரல் 26ஐ பிரார்த்தனை நாளா அறிவிச்சார். (சொந்தக் காசுல கொஞ்சம் உதவினார், அதையும் சொல்லிடணும்.) விவசாயிங்க தகரத்துல தார் பூசி வயல்ல இழுத்து குஞ்சுகளை ஒட்ட வெச்சுப் பிடிச்சாங்க. அந்தக் கோடையில கூட்டம் தானா பறந்து போயிடுச்சு.

நீங்க கேட்ட பூச்சிக்குப் பேரு ராக்கி மலை வெட்டுக்கிளி, இப்ப அந்த இனமே இல்ல. கடைசியா உயிரோட கிடைச்சது 1902ல, கனடாவுல. ஜெஃப்ரி லாக்வுட்னு ஒரு பூச்சியியல் ஆய்வாளர் சொல்ற காரணம் எனக்கு சரியாப் படுது: கூட்டம் பெருகாத வருஷங்கள்ல இந்தப் பூச்சி ராக்கி மலை ஆத்துப் பள்ளத்தாக்குகள்ல மட்டும்தான் ஒதுங்கி முட்டை போட்டுட்டு இருந்துச்சு, அங்கயும் குடியேறினவங்க போய் உழுது, தண்ணி பாய்ச்சி, மாடு மேய விட்டதுல முட்டையெல்லாம் அழிஞ்சு போச்சாம்.