ஒத்தும் ஒலிநாடாவும்

வணக்கம் ஐயா,

நான் திருவையாற்றுக்காரன். என் பெரியப்பா நாகஸ்வரத்துக்குச் சுருதி தரும் குழலான ஒத்தை ஊதியவர். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, தியானத்துக்கு ஏற்ற மின்னணு இசை என்று சொல்லப்படும் சிலவற்றைச் செல்பேசியில் கேட்டேன். பிரெஞ்சு இசையமைப்பாளர் எலியான் ரதீகின் இசையில் ஒரு மணி நேரமாகியும் ஒரு சுரம்கூட நகர்ந்ததாகத் தெரியவில்லை. தூக்கம்தான் வந்தது. கணினி போடும் கணக்கில் ஜீவன் எங்கிருந்து வரும்? சுருதிப் பெட்டி வந்து ஒத்துக்காரர்களை வீட்டுக்கு அனுப்பியது. இனிப் பாட்டு அமைப்பவரையும் அனுப்பிவிடுவார்களா?

ஒரு வாசகர், திருவையாறு

அன்புள்ள ஐயா,

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் ஊருக்குப் பக்கத்தில், தஞ்சை நாயக்கர் அரசவையில்தான் 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி 72 மேளங்களை, அதாவது தாய் ராகங்களை, வகுத்தார். சுரவரிசையின் முன்பாதியான பூர்வாங்கத்தில் 6 வகை, பின்பாதியான உத்தராங்கத்தில் 6 வகை, நடுச்சுரமான மத்யமம் 2, பெருக்கினால் 72. அவர் காலத்தில் வழக்கில் இருந்தவை அவற்றில் சிலதான். மற்ற இடங்களுக்குப் பாட்டு பின்னால்தான் வந்து சேர்ந்தது. 1957இல் லெஜாரன் ஹில்லரும் லியனார்ட் ஐசக்சனும் இல்லினாய் பல்கலைக்கழகக் கணினியைக் கொண்டு அமைத்த 'இல்லியாக் சூட்'டும் இப்படிப்பட்டதே. கணினி குருட்டாம்போக்கில் எண்களை உதிர்த்தது, இசை இலக்கணத்துக்குப் பொருந்தாதவற்றைத் தள்ளியது. எஞ்சியதை நான்கு மனிதர்கள் வில் பிடித்து வாசித்தார்கள். அதன் துணிச்சலை மதிக்கிறேன்; திரும்பத் திரும்பக் கேட்கத் தோன்றியதில்லை.

ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1970களின் பிற்பகுதியில் வெளியிட்ட 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' தொகுப்பின் இரண்டாம் உருப்படியை ஓயாமல் கேட்கலாம். அதில் ஒலிப்பவை மனிதக் குரல்கள். ஒவ்வொரு சுரத்தையும் பாடிப் பதிந்து, ஒலிநாடாவை வளையமாக ஒட்டிச் சுற்றவிட்டார்கள். நாடா மிக நீளம் என்பதால் அலுமினிய நாற்காலிகளைச் சுற்றி ஓடியது. ஒரு வளையம் 23½ நொடிக்கு ஒருமுறை திரும்பும், இன்னொன்று 25⅞, மற்றொன்று 29 15/16. ஆதி தாளத்தின் 8 அட்சரமும் மிச்ர சாபு தாளத்தின் 7 அட்சரமும் 56இல் சேரும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த மூன்று வளையங்களும் ஒன்றாகப் புறப்பட்டால் மறுபடி சேர ஏறக்குறைய 27 நாள் ஆகும், பெருக்கிப் பாருங்கள். தாளச் சுற்று தொடங்கும் இடமான சமத்துக்குக் காத்திருக்கும் காது இங்கே ஏமாந்துதான் போகும். அந்தக் காத்திருப்பை விட்ட பிறகே குரல்கள் ஒன்றையொன்று கடந்துபோகும் அழகு பிடிபடும்.

ரதீகின் இசையில் கணினி இல்லை. அவருடையது ஆர்ப் 2500 என்ற சிந்தசைசர், மின்சாரத்தால் ஒலி எழுப்பும் கருவி. கட்டைகளைத் தட்டி வாசிக்கும் ஆசை வந்துவிடக் கூடாதென்று கீபோர்டையே வேண்டாமென்று விட்டார். குமிழ்களை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி ஒலிநாடாவில் பதிந்தார். கை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே நகர்வது சுரம் அல்ல, சுரத்தின் உட்புறம். தம்புராவுக்குச் சுருதி சேர்க்கும்போது இரண்டு தந்திகளுக்கு நடுவே ஓர் அலை எழுந்து, மெல்ல மெல்லத் தணிந்து, சேர்ந்ததும் மறையும் அல்லவா? ஒன்று நொடிக்கு 100 அதிர்வு, மற்றொன்று 101 என்றால் நொடிக்கு ஒருமுறை அப்படி ஏறி இறங்கும். நாம் போக்கப் பார்க்கிற அந்த அலையை ரதீக் வைத்துக்கொண்டு, அதன் வேகத்தைத் துளித்துளியாக மாற்றுகிறார். செல்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் கீழ்ஸ்தாயி ஏறக்குறைய முழுவதும் போய்விடும். நீங்கள் கேட்டது பாதி இசைகூட இல்லை. நல்ல ஒலிபெருக்கியில், காலை வேளையில், வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

ஜீவன் எங்கே என்கிறீர்கள். ரதீக் திபெத்திய பௌத்தத்தைப் பின்பற்றியவர். 1988 முதல் 1993 வரை அமைத்த மூன்று பாகப் படைப்பின் நடுவே, 1989இல், அவருடைய மகன் விபத்தில் இறந்தார். அடுத்து அவர் அமைத்த பாகத்தின் பெயர் 'கைலாஷா'. கயிலையை மனத்தால் வலம்வருவது. கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, பிறகு புரண்டு போன அப்பருக்குக் கயிலைக் காட்சி கிடைத்த ஊர் உங்களுடையது. அங்கே உட்கார்ந்து அதைக் கேட்க உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?

ஒத்துக்காரர்கள் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பே இல்லை. கன்னத்தில் காற்றை நிறுத்தி, மூக்கால் மூச்சிழுத்து, நாதம் அறாமல் காத்தவர்கள் அவர்கள். ஒத்துப் பிடித்தே ராகம் கற்றவர்கள் உண்டு. பெட்டி அந்தச் சம்பளத்தோடு அந்தப் பாடத்தையும் எடுத்துக்கொண்டது அநியாயம். கோயில் உற்சவத்திலாவது ஒத்துக்கென்று ஓர் ஆளை அழைக்க வேண்டும். ஆனால் ரதீகின் கருவி எவருடைய இடத்தையும் பறிக்கவில்லை. பிற்காலத்தில் அவரே அதை ஒதுக்கிவிட்டு செல்லோ, ஹார்ப் கலைஞர்களை எதிரே உட்காரவைத்து, தாளில் எழுதாமல் வாய்ச்சொல்லாகவே உருப்படிகளைக் கொடுத்தார், அதாவது பாடாந்தரம்.

உங்கள் பெரியப்பா யாரிடம், எப்படி ஒத்துப் பழகினார் என்று நினைவிருக்கும் வரை எழுதி அனுப்புங்கள். இங்கே வெளியிட விரும்புகிறேன்.

அன்புடன்