டெஸ்டிங்கில் வேலை கிடைத்திருக்கிறது, சேரலாமா?

அம்மா, உங்கள் மகளுக்கு கேம்பஸில் டெஸ்டிங் பிரிவில், அதாவது மென்பொருளைச் சோதிக்கும் பிரிவில், வேலை கிடைத்ததையும், "கோடிங் வராதவர்களைத்தான் அங்கே போடுவார்கள்" என்று உறவினர் ஒருவர் சொன்னதையும் எழுதியிருந்தீர்கள். தாராளமாகச் சேரட்டும். உறவினர் சொன்னது முழுக்கப் பொய்யும் இல்லை. எதை எப்படிச் சோதிப்பது என்று யாரோ எழுதிவைத்த டெஸ்ட் கேஸைப் பார்த்து பட்டனை அழுத்தி, பாஸ், ஃபெயில் என்று குறிக்கும் வேலை மட்டும்தான் என்றால் அதில் வளர்ச்சி குறைவு. அந்த இடத்திலேயே அவள் நின்றுவிடக் கூடாது.

ரிலீஸுக்கு முன், அதாவது மென்பொருளை வெளியிடுவதற்கு முன், எல்லாவற்றையும் சோதிக்க எந்த டீமுக்கும் நேரம் இருக்காது. எதை முதலில் சோதிப்பது என்று முடிவெடுப்பதுதான் இந்தத் தொழிலின் சாரம். பணம் அனுப்பும் ஆப் ஒன்றில் புகைப்படம் கோணலாகத் தெரிவது அடிக்கடி நடக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. கணக்கில் பணம் கழிந்து மறுபக்கம் போய்ச் சேராதது எப்போதோ ஒருமுறைதான் நடக்கும், ஆனால் விடவே கூடாது. நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு பாதிப்பு என்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதைத்தான் ரிஸ்க் அடிப்படையிலான டெஸ்டிங் என்கிறார்கள்.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்களே, அந்த நாள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. கணினிகளில் இருந்த அதன் மென்பொருள் 20 உள்ளீடுகளைத்தான் (சரிபார்க்க வேண்டிய மதிப்புகளை) கொடுத்தது, அப்டேட்டில் வந்த புதிய கோப்போ 21ஆவதைத் தேடியது. முந்தைய சோதனைகளில் அந்த 21ஆவது இடத்தில் 'எதுவானாலும் சரி' என்றே வைத்திருந்ததால் அந்த மதிப்பைப் பார்க்கவே தேவைப்படவில்லை, கோளாறும் வெளியே தெரியவில்லை. அப்டேட்டை முதலில் கொஞ்சம் கணினிகளுக்கு அனுப்பிப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியதால் சேதம் உலகம் முழுக்கப் பரவியது. "21ஆவதில் நிஜமான மதிப்பைக் கொடுத்துப் பார்த்தோமா?" என்று கேட்கத் தெரிந்தவர்தான் நல்ல டெஸ்டர். இதைக் குறைந்த வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வருகிறது.

சேரும் வரை இருக்கும் மாதங்களில் தரவுத்தளத்தில் தகவல் தேடும் எஸ்க்யூஎல், போஸ்ட்மேன் என்ற கருவியை வைத்து ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) டெஸ்டிங், பைத்தானோ ஜாவாவோ ஏதாவது ஒரு கோடிங் மொழி படிக்கட்டும். அப்புறம் இணையதளங்களைத் தானாகவே சோதிக்க உதவும் செலினியம் அல்லது பிளேரைட். டெஸ்டர்களுக்குச் சான்றிதழ் தரும் ஐஎஸ்டிக்யூபி ஃபவுண்டேஷன் தேர்வில் 40 கேள்விகள், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. ரெஸ்யூமேவுக்கு நல்லது, ஆனால் அதற்காகக் கடன் வாங்கி கோர்ஸில் சேர்க்க வேண்டாம், பாடத்திட்டம் இலவசமாகவே கிடைக்கிறது.

தினமும் தான் பயன்படுத்தும் ஒரு ஆப்பை எடுத்து, அதில் என்னென்ன கெட்டுப்போகலாம் என்று எழுதி, பாதிப்பு அதிகமானதை மேலே வைத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். ஏன் அந்த வரிசை என்று உங்களிடம் விளக்கட்டும். கம்ப்யூட்டர் தெரியாத உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வந்துவிட்டால், மேனேஜரிடம் போய் "இந்த ரிலீஸ் இன்று வேண்டாம்" என்று சொல்லவும் அவளுக்கு வரும்.