வேப்பிலைக்கு இரண்டு நாள் முன்னால்

கேள்வி: என் கணவருக்கு எட்டு மாதங்களுக்கு முன் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். போன ஞாயிற்றுக்கிழமை கல்லிடைக்குறிச்சியில் மதினி வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். செவ்வாயன்று மதினி மகனுக்கு அம்மை போட்டுவிட்டது. மூன்றாம் தண்ணீர் ஊற்றும்போது இவர் போகலாமா? தடுப்பூசி போடலாமா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அன்றைக்கே தொலைபேசியில் சொல்லிவிட்டேன், இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன். நீங்கள் மூன்றாம் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறீர்கள். என் கவலை அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு.

வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே காற்றில் பரவத் தொடங்கிவிடும். வேப்பிலை செருகுமுன்பே உங்கள் கணவர் பையன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்துவிட்டார்.

புதிய சிறுநீரகத்தை உடல் ஒதுக்கிவிடாமல் இருக்க அவர் சாப்பிடும் டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பவை. பையனுக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும் அம்மை, இவருக்கு நுரையீரல், கல்லீரல் வரை போகலாம். சிலருக்குக் கொப்புளத்துக்கு முன்பே கடும் வயிற்றுவலி வரும். எனவே கொப்புளத்துக்காகக் காத்திருக்காமல் சிறுநீரக மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். சிறுவயதில் அம்மை வந்ததா என்று ஆச்சியைக் கேட்டால் போதாது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால், பையனோடு இருந்த நாளிலிருந்து 10 நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் (தயாரான எதிர்ப்பொருள்) ஊசி, அல்லது கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரை தருவார்கள். அம்மை வெளிப்பட 10 முதல் 21 நாள் ஆகும். அந்த ஊசி போட்டால் 28 நாள் வரை நீளலாம். எட்டாம் நாளிலிருந்து அவரிடமிருந்தும் பரவலாம் என்பதால் பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸில் போக வேண்டாம். மருத்துவமனைக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். அங்கே காத்திருப்பவர்களில் பலர் இவரைப் போன்றவர்கள்.

அம்மை போட்டால் மருந்தே கூடாது என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். டாக்ரோலிமஸ் மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் சிறுநீரகமே போய்விடலாம்.

சின்னம்மைத் தடுப்பூசி உயிருள்ள கிருமியால் ஆனது, இவருக்கு ஆகாது. ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ ஊசி செயலிழந்த கிருமி, அதைப் போடலாம். உங்களுக்கு அம்மை வந்ததே இல்லையென்றால், கர்ப்பமாகவும் இல்லையென்றால், பையனோடு இருந்த நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் நீங்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்களிடமிருந்தே அவருக்கு வரலாம். ஊசிக்குப் பிறகு உங்களுக்குத் தடிப்பு எழுந்தால் மட்டும் அவரிடமிருந்து விலகியிருங்கள்.

மூன்றாம் தண்ணீருக்குள் பையனின் கொப்புளங்கள் காய்ந்திருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் அடுத்த பிள்ளைக்குத் தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான். இவர் வீட்டிலேயே இருக்கட்டும். காரணத்தைச் சொன்னால் மதினி கோபித்துக்கொள்ள மாட்டார்.