‘அம்மம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ’

கேள்வி: எனக்கு 37 வயது. உயரம் 155 சென்ரிமீற்றர், எடை 74 கிலோ. யாழ்ப்பாணம் ரவுணில் அலுவலக வேலை. கணவர் வவுனியாவில் வேலை செய்கிறார், வெள்ளி இரவுதான் வருவார். நானும் ஒன்பது வயது மகனும் கோண்டாவிலில் அம்மாவோடு இருக்கிறோம். அம்மாவுக்குச் சீனி வருத்தம் உண்டு. இன்னும் மூன்று மாதத்தில், ஆவணியில், தங்கச்சிக்குக் கலியாணம். அதற்குள் 10 கிலோ குறைக்க வேண்டும். காலையில் தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கற்றும், மத்தியானம் சோற்றை விட்டுவிட்டு ஒரு அப்பிள். பகல் முழுக்க நல்ல கட்டுப்பாடு. ஆறரைக்கு மகனைத் திருநெல்வேலியில் ரியூசனால் ஏற்றிக்கொண்டு வரும்போது கொத்து அடிக்கிற சத்தம் கேட்டால் தாண்டிப் போக முடியவில்லை. கிழமையில் நாலைந்து நாள் ஒரு கோழிக்கொத்து வாங்கி இருவரும் பங்கிட்டுச் சாப்பிடுவோம். அம்மா பிட்டோ இடியப்பமோ அவித்து வைத்திருப்பா. அவவுக்கு மனம் நோகும் என்பதால் மகனிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், வீட்டிலும் கொஞ்சம் சாப்பிடுவோம். இந்த ஆசையை அடக்க மன உறுதியை எப்படி வளர்ப்பது?
– கோண்டாவில் வாசகி

பதில்: பிள்ளை, இதே கடிதம் எனக்குப் பல கையெழுத்தில் வருகிறது. கொத்து, மிதிவெடி, பிரைட் ரைஸ் என்று பண்டம் மாறும். கடைசி வரி மட்டும் மாறாது: மன உறுதியை எப்படி வளர்ப்பது? அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், கடிதத்தின் ஓரத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரியைப் பார்ப்போம். ‘மகனிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், வீட்டிலும் கொஞ்சம் சாப்பிடுவோம்.’

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த வரியில்தான் இருக்கிறது. கணக்கைப் பார்ப்போம்.

ஒரு கோழிக்கொத்தில் கோதுமை மா 180 கிராம் என்று குறைத்தே வைப்போம். அது 650 கலோரி. ரொட்டி மாவை உருட்டி எண்ணெயில் ஊற வைக்கிறார்கள், தட்டும்போது எண்ணெய், கல்லில் கொத்தும்போது திரும்பவும் எண்ணெய். எல்லாமாக மூன்று மேசைக்கரண்டி என்றால் 360. முட்டை 70. கோழியும் குழம்பும் 150. ஆக 1,200ஐத் தாண்டுகிறது. மகனுக்கு மூன்றில் ஒரு பங்கு கொடுத்தாலும் உங்கள் பங்கு 800. பிறகு வீட்டுக்கு வந்து ஒரு கோப்பைப் பிட்டு: 75 கிராம் மாவும் தேங்காய்ப்பூவும் சேர்ந்து 370, சொதியோடு 400. உங்கள் வயதுக்கும் எடைக்கும், இருந்து செய்யும் வேலைக்கும், உடம்பு ஒரு நாள் முழுக்கச் செலவழிப்பது ஏறத்தாழ 1,800 கலோரி. அதில் 1,200ஐ ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் முடித்துவிடுகிறீர்கள்.

இந்த இரண்டு சாப்பாட்டில் கொத்து ஆசைக்காகச் சாப்பிட்டது. பிட்டு ஒளிப்பதற்காகச் சாப்பிட்டது. கிழமைக்கு ஐந்து நாள் என்றால் அந்த ஒளிப்புச் சாப்பாடு மட்டும் 2,000 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700. அம்மாவுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காக மாதம் ஒரு கிலோ சுமக்கிறீர்கள். எந்த மன உறுதியும் இதற்கு உதவாது, ஏனென்றால் அந்த இரண்டாவது கோப்பையை நீங்கள் பசியிலும் சாப்பிடவில்லை, ஆசையிலும் சாப்பிடவில்லை.

இது உங்கள் உடம்பு. மகனைப் பற்றி இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

‘வீட்டில் சொல்லாதே’ என்று ஒரு பெரிய ஆள் சொன்னால், அதை உடனே வீட்டில் வந்து சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய் படிப்பிக்க வேண்டிய முதற் பாடம் அது. நீங்கள் அதே வசனத்தை உங்கள் வாயாலேயே, கிழமைக்கு ஐந்து நாள், ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சொல்கிறீர்கள். நாளைக்கு வேறு யாரோ ஒருவர் அதைச் சொன்னால், அம்மாவும் இப்படித்தானே சொல்லுவா என்று அவன் வாயை மூடிக்கொள்வான். கொத்து வாங்கிக் கொடுத்ததை நான் பெரிய பிழையாக எடுக்கவில்லை. இதை எடுக்கிறேன்.

மேசையில் என்ன நடக்கிறது என்றும் யோசித்துப் பாருங்கள். வயிறு நிறைந்த பிள்ளை, அம்மம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, பசிக்கிற மாதிரிப் பிட்டைப் பிசைகிறான். ‘போதும்’ என்று வயிறு சொல்வதைக் கேட்டு நிறுத்துவது பிள்ளைகளிடம் இயல்பாக இருக்கும் குணம். அதை அழிப்பதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. உங்கள் அம்மாவோ பின்னேரம் தேங்காய் துருவி, மா குழைத்து, நீத்துப்பெட்டியில் அவித்து, நீங்கள் வரும்வரை தான் சாப்பிடாமல் இருக்கிறா. சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறவ நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். அவவுக்கு மனம் நோகக் கூடாது என்று எழுதுகிறீர்கள். அவவின் மனம் நோகாமல் இருக்க வழி உண்மையைச் சொல்வதுதான். தாய் சமைத்ததைச் சாப்பிட விருப்பம் இல்லாவிட்டால், காலையில் ‘இண்டைக்கு எங்களுக்கு வேண்டாம் அம்மா, நீங்கள் ஏழு மணிக்குச் சாப்பிடுங்கோ’ என்று முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் மரியாதை.

இனி மன உறுதி. காலையில் இரண்டு பிஸ்கற், மத்தியானம் ஒரு அப்பிள். இதைக் கட்டுப்பாடு என்று எழுதுகிறீர்கள். முதல் நாள் இரவுக்குப் பிறகு சாப்பாடு என்று சொல்லக்கூடிய எதுவும் இல்லாமல் இருபது மணித்தியாலத்துக்கு மேல் இருந்துவிட்டு, வெங்காயமும் முட்டையும் இரும்புக் கல்லில் வேகும் வாசனைக்குள் போகிறீர்கள். அங்கே நிற்பது பசி. பசித்த வயிற்றோடு பலாலி வீதியால் போகாமல் ஆடியபாதம் வீதியால் கொக்குவிலுக்கு ஏறி, காங்கேசன்துறை வீதியால் சுற்றி வந்தாலும் அங்கேயும் கடை இருக்கும்.

மத்தியானச் சோற்றைத் திரும்பப் பெட்டியில் போடுங்கள். சிவப்புப் புழுங்கல் அரிசிச் சோறு ஒரு தேத்தண்ணிக் கோப்பை, தலை தட்டி. மேலே குவிக்க வேண்டாம். உள்ளங்கை அளவு மீன், குழம்பில் போட்டது, பொரித்தது இல்லை. மிச்சப் பெட்டி முழுவதும் மரக்கறி: முருங்கையிலை வறை, பயற்றங்காய், கத்தரிக்காய், வல்லாரைச் சம்பல். வறைக்குத் தேங்காய்ப்பூ ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். இது 450 முதல் 500 கலோரி. இதை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பின்னேரம் 1,200 போகிறது. காலையில் ஒரு முட்டையும் இரண்டு தோசையும், அல்லது ஐந்து இடியப்பமும் பால் குறைத்த சொதியும். தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி என்று நீங்கள் எழுதவில்லை. நாலு கோப்பைக்கு இரண்டு கரண்டிப்படி என்றால் அது மட்டும் 150 கலோரி வரும். கிழமைக்கு அரைக்கரண்டியாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும், ஒரே நாளில் நிறுத்தினால் பெரும்பாலும் மூன்றாம் நாள் திரும்பி வருவீர்கள்.

முக்கியமான நேரம் நாலரை மணி. முதல் நாள் இரவு ஆளுக்கு 40 கிராம் கொண்டல்கடலை ஊறப்போட்டு, காலையில் உப்போடு அவித்து, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம் தாளித்துப் பிரட்டினால் 200 கலோரிக்குள் முடியும். அலுவலகத்தில் இருந்தே அதைச் சாப்பிட்டுவிட்டு வெளிக்கிடுங்கள். பலர் இதில்தான் பிழை விடுகிறார்கள்: ‘பசித்தால் சாப்பிடுவோம்’ என்று பெட்டியைப் பையில் வைத்திருப்பார்கள், ஆறரைக்குப் பெட்டி பைக்குள் இருக்கும், கையில் பார்சல் இருக்கும். கடலை வயிற்றில் மெதுவாகத்தான் செரிக்கும், அதனால் இரண்டு மணித்தியாலம் முந்தியே போக வேண்டும். மகனுக்கு ஆறரைக்குப் பசிப்பது உண்மையான பசி, பள்ளிக்கூடமும் ரியூசனும் முடித்து வருகிறவன். அவனுக்கு ஒரு கதலிப்பழமும் ஒரு பிடி அவித்த கச்சானும் ஸ்கூட்டியில் ஏறும்போதே கையில் கொடுங்கள். அவனை எடை பார்க்க வைக்கவோ, ‘குண்டு’ என்ற சொல்லைப் பாவிக்கவோ வேண்டாம். கொத்தோடு சோடா வாங்கும் வழக்கம் இருந்தால் அதை மட்டும் முழுதாக நிறுத்துங்கள். 2016 முதல் நம் நாட்டில் போத்தலில் சீனி அளவுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் போடுகிறார்கள். அதை மகனையே வாசிக்கச் சொல்லுங்கள்.

இரவுப் பிட்டை அம்மா விட வேண்டியதில்லை. குரக்கன் மாவும் வறுத்த சிவப்பரிசி மாவும் சரி பாதி, மூன்று பேருக்கு 200 கிராம், தேங்காய்ப்பூ 60 கிராம். அரிசி மாவுக்குக் கொதிநீர் வேண்டும், குரக்கன் அதைவிடக் குறைவான தண்ணியில் பிடித்துவிடும். இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் குழைத்தால் கட்டி கட்டியாகும். அரிசி மாவை முதலில் குழைத்துவிட்டுக் குரக்கனைக் கடைசியில் தூவிக் கொத்த வேண்டும். தட்டில் பாதி வறையும் மீனும் இருந்தால் பிட்டு ஒரு கோப்பைக்கு மேல் போகாது.

கொத்தை அடியோடு விடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. சனிக்கிழமை, கணவரும் வீட்டில் நிற்கும்போது, எல்லோரும் பார்க்க வீட்டில் கொத்துங்கள். ரொட்டிக்குப் பதில் இடியப்பம். நாலு பேருக்குக் காலையில் அவித்த இடியப்பம் 16. காலையில் அவித்தது என்பதுதான் இதில் முக்கியம். சூடாக இருக்கும்போது உதிர்த்தால் பசையாகிவிடும். கோவா 200 கிராம், கரட் 150, லீக்ஸ் 100, மூன்று முட்டை, எலும்பு நீக்கிய கோழிக்கறி 250 கிராம். தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் மட்டும். அடுப்பை நன்றாக எரிய விட்டு, மரக்கறியை மூடி போடாமல் மூன்று நிமிடம் வதக்குங்கள். மூடினால் தண்ணி விட்டு எல்லாம் நசிந்துபோகும். ஒரு பக்கம் ஒதுக்கி முட்டையை ஊற்றி உதிர்த்து, பிறகு கோழி, பிறகு இடியப்பம். குழம்பைக் கடைசியில் ஐந்தாறு மேசைக்கரண்டி மட்டும் தெளியுங்கள், மிச்சத்தைத் தனிக் கோப்பையில் வையுங்கள். கறியில் உப்பு இருப்பதால் சோயா சோஸ் தேவையில்லை. ஒரு பங்கு 450 கலோரி வரும். கடையில் சாப்பிட்டதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூட. அம்மாவுக்கும் ஒரு தட்டு.

ஆவணிக்குள் பத்துக் கிலோ நடக்காது. கிழமைக்கு அரைக் கிலோ என்றால் மூன்று மாதத்தில் ஆறு கிலோ, அது நல்ல இறக்கம். கலியாணச் சட்டைக்கு இரண்டு கிழமைக்கு முதல் அளவு கொடுத்தால் போதும். ஞாயிறு காலை, தேத்தண்ணிக்கு முதல், ஒரு தடவை எடை பாருங்கள். தினமும் பார்த்தால் தண்ணியும் உப்பும் காட்டும் ஏற்ற இறக்கத்தில் மனம் முறியும். இடுப்பையும் அளந்து வையுங்கள். நம் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் ஆபத்துக் கூடுகிறது. உங்கள் உயரத்துக்கு இந்த எடையில் உடல் நிறைச் சுட்டெண் 31 வரை வருகிறது. ஆசியருக்கு 23க்கு மேல் கவனம் வேண்டும், 27.5க்கு மேல் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தாய்க்குச் சீனி வருத்தம் என்றால் நீங்கள் காத்திருக்கக் கூடாது. இந்தக் கிழமையே வெறுவயிற்றில் சீனி சோதியுங்கள். 100க்கும் 125க்கும் இடையில் இருந்தால் இந்த ஆறு கிலோ கலியாணத்துக்கானது மட்டும் இல்லை. 126 அல்லது அதற்கு மேல் என்றால் நேரே டொக்ரரிடம்.

ஆனால் இவற்றையெல்லாம் தொடங்குவதற்கு முதல், இன்று இரவு ஒரு வேலை இருக்கிறது. அம்மாவை இருத்தி, மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: ‘அம்மா, நாங்கள் கனநாளாக் கடையில சாப்பிட்டிட்டு வந்து உங்களிட்டைச் சொல்லேல்லை. நான்தான் தம்பியைச் சொல்ல வேண்டாம் எண்டனான். அது என்ரை பிழை.’ கடைசி இரண்டு வசனமும் அவனுக்காக. அதை விட்டுவிட்டு முதல் வசனத்தோடு நிறுத்தினால், அவன் தானும் குற்றவாளி என்றே நினைத்துக்கொண்டு படுப்பான். அம்மா கோபிப்பா, ஒருவேளை அழுவா. விடுங்கள். காரணம் சொல்லிச் சமாளிக்க வேண்டாம். நாளைக்கு வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மம்மா ‘என்ன சாப்பிட்டனீங்கள்’ என்று கேட்பா. அந்தக் கேள்விக்கு மகன் பதில் சொல்லட்டும், நீங்கள் குறுக்கே கதைக்காமல் நில்லுங்கள்.